வான்கதவு திறக்கும் நாள்

சைரன் அலறிய அலறலில், அணைக்கட்டின் மேல் வரிசையாக நின்ற கொக்குகள் அத்தனையும் ஒரே வீச்சில் எழும்பிப் பறந்தன. ஒரு காதைத் தோளாலும் மறு காதைக் கையாலும் பொத்திக்கொண்டு, குகதாசன் பொத்தானை மேலும் அரை நிமிடம் அழுத்திப் பிடித்தார்.

அலுவலகம் புதிதாகப் பூட்டிய சைரன் அது. வான்கதவுகளைத் திறப்பதற்கு அரை மணித்தியாலம் முன்னர் அடிக்க வேண்டும். அடித்தால், அணைக்குக் கீழே நிற்கும் சனம் பயந்து ஓடிவிடும். சுற்றறிக்கையில் அப்படித்தான் இருந்தது.

கொக்குகள் ஓடின. சனம் ஓடி வந்தது.

தூண்டிலோடு வந்தார்கள். வீச்சுவலையோடு வந்தார்கள். ஒருவர், கலியாண வீட்டில் சோறு காய்ச்சும் கிடாரத்தைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்.

குகதாசனுக்கு வாய் மூடவில்லை. சைரனுக்கு வந்தவர்களை விடுவோம். அவர் பொத்தானில் கை வைப்பதற்கு முன்னமே, கல்லுக்கு ஒருவராக நாற்பது பேர் கீழே குந்தியிருந்தார்களே! இன்றைக்குத் திங்கட்கிழமை கதவு திறக்கப்போவது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"குகண்ணை!" கீழேயிருந்து லெனாட் கையை ஆட்டினான். "சைரன் நல்ல சாமான் அண்ணை! நித்திரை கொண்டவனும் எழும்பி வந்திட்டான்!"

"டேய் லெனாட், உது உங்களை ஓடச் சொல்லி அடிக்கிறது!"

"ஓடித்தானே வந்தனாங்கள்!"

மாரி மழைக்கு வலிகாமத்து வயல்களில் விழும் தண்ணீரெல்லாம் வடிந்துவந்து முள்ளித்துறைத் தடுப்பணையில் தேங்கும். அணைக்கு ஒரு பக்கம் நல்ல தண்ணீர், மறுபக்கம் பரவைக்கடல். எட்டு வான்கதவுகளையும் தூக்கினால், தேங்கிய தண்ணீர் மீனையும் இறாலையும் அள்ளிக்கொண்டு கடலுக்குப் பாயும். நல்ல தண்ணீரின் மணம் பட்டதும், கடல் பக்கத்துக் கொடுவா, திரளி மீன்களும் எதிர்த்து ஏறி வரும். மேலிருந்து வருவதும் கீழிருந்து வருவதும் அணையடியில் முட்டிக்கொள்ளும் அந்த ஒரு மணித்தியாலம் தூண்டில்காரருக்குத் திருவிழா.

குகதாசனுக்கு அது திருவிழா அல்ல. கதவை இறக்கிய பிறகு கீழே குழிகளில் தண்ணீர் வற்றும். அள்ளுண்டு வந்த குஞ்சு மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு துடிக்கும். அவர் வாளியோடு இறங்கி, முடிந்தமட்டும் அள்ளித் தண்ணீரில் விடுவார். பத்தொன்பது வருடமாக அந்த அணையின் கதவு அவர் கையில்தான். இந்தப் பத்தொன்பது வருடத்தில் தூண்டில்காரரிடமிருந்து ஒரு செதிள் கூட அவர் வாங்கியதில்லை.

"திறக்கிறதும் நீங்கள், வாளியோடை ஓடுறதும் நீங்கள். உங்களுக்கு ஏனண்ணை இந்த வேலை?" என்று லெனாட் பகிடி பண்ணுவான்.

அந்த லெனாட்டால் வந்த வினைதான் இதெல்லாம். போன கிழமை கதவு திறந்தபோது, தண்ணீர் அவனையும் தூக்கிக்கொண்டு போனது. கடைசியில் ஒரு கண்டல் மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தவனை ஆறு பேர் சேர்ந்து இறக்கினார்கள். ஒரு கையால் மரத்தைப் பிடித்திருந்தான். மற்றக் கையில் கொடுவா. "அதை விட்டுப்போட்டு ரெண்டு கையாலையும் பிடியடா!" என்று கத்தினதற்கு, "எதை விடச் சொல்லுறியள்?" என்று கேட்டானாம்.

குகதாசன் தொலைபேசியை எடுத்துப் பொறியியலாளர் உதயகலாவை அழைத்தார். வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். ஆனால் அவர் குரலைக் கேட்டாலே அலுவலகத்தில் நாற்காலிகள் நேராகும்.

"எத்தினை பேர் நிக்கினம்?"

"நூறு வரும் மிஸ்."

"சைரன் அடிக்கேல்லையோ?"

"அடிச்சதாலைதான் மிஸ் நூறு. அடிக்க முதல் நாற்பது."

மறுமுனையில் ஒரு கோப்பை மூடும் சத்தம் கேட்டது.

"குகதாசன் அண்ணை, வடிவாக் கேளுங்கோ. கீழை ஒரு ஆள் நிண்டாலும் கதவு திறக்கப்படாது. கதவு திறக்காமல் ஒரு வயல் வெள்ளத்திலை தாண்டாலும் நீங்கள்தான் பதில் சொல்லோணும்."

"அப்ப நான் என்ன செய்யிறது மிஸ்?"

"திறக்கிற நாள் அவைக்கு எப்பிடித் தெரியுது? ஆரோ உள்ளுக்கை இருந்து சொல்லுகினம். அந்த ஆளைப் பிடியுங்கோ. பிடிக்காட்டி, மீனுக்காக நீங்கள்தான் சொல்லுறியள் எண்டு மேலிடம் நினைக்கும். பிறகு வேலையிலை இருந்து இடைநிறுத்தம்தான். என்னாலை ஒண்டும் செய்யேலாது."

குகதாசன் கைபேசியைக் காதிலிருந்து எடுத்து, அதுதான் இப்படிக் கதைத்ததா என்பதுபோலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மீனுக்காகவா? அவரா?

அன்று கதவு திறக்கவில்லை. சனம் பொழுதுபடும்வரை இருந்துவிட்டு, "நாளைக்கெண்டாலும் நேரத்துக்குத் திறவுங்கோ அண்ணை" என்று குறைப்பட்டுக்கொண்டு போனது.

செவ்வாய்க்கிழமை முழுக்க அவர் யோசித்தார். கதவு திறக்கும் நாள் யார் யாருக்குத் தெரியும்? தனக்குத் தெரியும். மிஸ்ஸுக்குத் தெரியும். அறிவித்தல் கடிதத்தைத் தட்டச்சுச் செய்யும் அருந்ததிக்குத் தெரியும். அருந்ததியின் புருசன் ஞாயிற்றுக்கிழமைகளில் தூண்டில் போடுகிறவர்.

குகதாசன் மிஸ்ஸோடு இரகசியமாகக் கதைத்து ஒரு திட்டம் போட்டார். கடிதத்தில் புதன்கிழமை ஒன்பது மணி. உண்மையில் திறப்பது வியாழன்.

"தங்கச்சி, இந்தக் கடிதத்தை ஒருக்கா அடிச்சுத் தாரும். நாளைக்குக் காலமை கதவு திறக்கிறம்," என்று அருந்ததியின் முகத்தை உற்றுப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"ஏன் அண்ணை இப்பிடி முழுசிப் பாக்கிறியள்? கண் நோகுதோ?"

"இல்லை, சும்மா."

புதன்கிழமை எட்டரைக்கு அணையில் ஏறிப் பார்த்தார். கீழே ஒரு மனிதர் இல்லை. ஒரு தூண்டில் இல்லை. ஒரு நாய் மட்டும் படுத்திருந்தது.

குகதாசனுக்கு முதலில் வெட்கம் வந்தது. பொய்க் கடிதத்துக்கு ஒருவரும் வரவில்லை என்றால் அருந்ததி சொல்லவில்லை என்றுதானே பொருள்! பாவம், அந்தப் பிள்ளையைச் சந்தேகப்பட்டுவிட்டேனே என்று நினைத்தார்.

அடுத்த கணம், தலையில் ஆரோ குட்டினதுபோல் இருந்தது. கீழே ஒருவரும் இல்லை! பிறகென்ன, இப்பவே திறக்கலாமே!

ஓடிப்போய் மிஸ்ஸுக்கு அழைத்தார். மிஸ் கூட்டத்தில். இன்னொரு தரம் அழைத்தார். கூட்டத்தில். நாலாம் தரம், "திறவுங்கோ, திறவுங்கோ, என்னை விடுங்கோ" என்று கிசுகிசுத்த குரல் வந்தபோது மணி ஒன்பதே முக்கால்.

சந்தோசத்தோடு திரும்பிப் பார்த்த குகதாசன் அப்படியே நின்றுவிட்டார். அணைக்குக் கீழே முப்பது பேர் நின்றார்கள். தூண்டில்காரர் அல்ல. சண்டிலிப்பாய்ப் பக்கத்தில் வயல் செய்யும் கமக்காரர். அவர்களுக்கும் கடிதம் போயிருந்ததை அவர் மறந்துபோனார். முன்னுக்கு நின்றவர் கமக்காரர் அமைப்பின் தலைவர் சண்முகநாதன்.

"தம்பி! கடிதத்திலை ஒன்பது மணி. இப்ப பத்தாகப் போகுது. என்ரை வெங்காயம் நீந்துது!"

"இந்தா திறக்கிறன் ஐயா! நீங்கள் எல்லாரும் ஒருக்கா மேலை ஏறுங்கோ!"

"உந்தப் பேய்க்காட்டல் எல்லாம் வேண்டாம். திறக்கிறதைக் கண்ணாலை காணாமல் ஒருத்தரும் இந்த இடத்தை விட்டு அசையமாட்டம்!" என்றார் சண்முகநாதன். சொன்னதோடு நிற்கவில்லை. நாலாம் கதவுக்கு நேர் கீழே, தண்ணீர் வந்து விழும் கொங்கிறீட் தளத்தில் சப்பாணி கட்டி இருந்துவிட்டார். மற்ற இருபத்தொன்பது பேரும் அவரைச் சுற்றி இருந்தார்கள்.

"கதவைத் திற! கதவைத் திற!"

"ஐயோ, நீங்கள் எழும்பினால்தான் திறக்கலாம்!"

"நீ திறந்தால்தான் எழும்புவம்!"

"திறந்தால் நீங்கள் எழும்பமாட்டியள் ஐயா, மிதப்பியள்!"

"பாத்தியளோடா, கொல்லுவன் எண்டு வெருட்டுறான்!"

மூன்று மணிக்குப் பெருமழை வந்துதான் அவர்களைக் கலைத்தது. குகதாசன் கதவு தூக்கும் கைபிடியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். அதற்குள் காற்று மாறி, கடல் தண்ணீர் அணையடிக்கு ஏறிவிட்டது. இப்போது கதவைத் தூக்கினால் உப்புத் தண்ணீர் வயலுக்குப் போகும். தூக்கிய ஒரு சுற்றை மெல்ல இறக்கினார்.

அலுவலகத்துக்கு நனைந்துபோய் வந்தவரை அருந்ததி வாசலிலேயே மறித்தாள்.

"அண்ணை, உண்மையைச் சொல்லுங்கோ. என்னைச் சோதிக்கத்தானே பொய்க் கடிதம் அடிப்பிச்சனீங்கள்?"

"அது வந்து தங்கச்சி…"

"பதினொரு வரிசமா இந்தக் கதிரையிலை இருக்கிறன்!" என்றவள் விறுவிறென்று போய்த் தட்டச்சில் இருந்தாள். குகதாசன்மேல் முறைப்பாட்டுக் கடிதம். பிரதிகள் ஐந்து.

வியாழக்கிழமை விடிந்தது. காற்று இறங்கியிருந்தது, கடலும் இறங்கியிருந்தது. இந்த நாள் மிஸ்ஸுக்கும் அவருக்கும் மட்டுமே தெரியும். சைரன் அடிக்கவில்லை. கடிதம் போகவில்லை. குகதாசன் மோட்டார் சைக்கிளை அரைக் கட்டை தூரத்துக்கு அப்பாலேயே நிறுத்தி, சத்தம் கேட்கும் என்று செருப்பையும் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்துவந்தார்.

தூரத்தில் ஒரு இசை கேட்டது. கிணுகிணு என்ற இசை. குகதாசனின் கால்கள் நின்றுபோயின.

ஐஸ்கிறீம் வான்.

அணையடியில் நூற்றைம்பது பேர் நின்றார்கள். ஐஸ்கிறீம் வானுக்குப் பக்கத்தில் கச்சான் வண்டில். கச்சான் வண்டிலுக்குப் பக்கத்தில் பலூன்காரன்.

"குகண்ணை, ஏன் செருப்பைக் கையிலை கொண்டுவாறியள்? அறுந்துபோச்சோ?" லெனாட் கரிசனையோடு கேட்டான்.

குகதாசன் அவன் தோள் இரண்டையும் பிடித்தார். "லெனாட், நீ என்ரை தம்பி மாதிரி. உண்மையைச் சொல்லு. உங்களுக்கு ஆர் சொன்னது?"

லெனாட் வானத்தைப் பார்த்தான். தண்ணீரைப் பார்த்தான். "அது தொழில் இரகசியம் அண்ணை," என்றுவிட்டுத் தூண்டிலில் இறாலைக் கொழுவத் தொடங்கினான்.

அன்று மிஸ் நேரிலேயே வந்து அந்தக் காட்சியைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டு மறுபடி பார்த்தார். கூட்டம் குறையவில்லை. அணையின் அளவுகோலில் தண்ணீர் ஏழடியைத் தாண்டியிருந்தது.

"நானும் நீங்களும்தான் தெரிஞ்ச ஆக்கள்," என்றார் மிஸ். குரல் தாழ்ந்திருந்தது, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

"நானும் சொல்லேல்லை மிஸ்! பிள்ளையாராணை!"

"சரி. இதுதான் கடைசிச் சந்தர்ப்பம். இந்தாங்கோ, நாளும் நேரமும் போடாத உத்தரவு, கையெழுத்து வைச்சிருக்கிறன். எண்டைக்கு, எத்தினை மணிக்கு எண்டு நீங்களே முடிவெடுங்கோ. எனக்கும் சொல்லவேண்டாம். திறக்கப் பத்து நிமிசம் இருக்கேக்கை கூப்பிடுங்கோ, பொலிசோடை வாறன். அண்டைக்கும் இந்தச் சனம் நிண்டால்…" மிஸ் வசனத்தை முடிக்கவில்லை. முடிக்கத் தேவையும் இருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காற்று மறுபடி எழும்பியது. கடல் அணையடியிலேயே நின்றது. வெங்காயத் தறைகளுக்குள் முழங்கால் தண்ணீர் என்று சண்முகநாதன் மூன்று தரம் தொலைபேசியில் கத்தினார். சனிக்கிழமை காலை குகதாசனுக்கு ஒரு யோசனை உதித்தது. உதித்ததும் தனக்குத்தானே கை தட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டு மணி. லெனாட்டின் ஆட்கள் அத்தனை பேரும் வேதக்காரர். ஏழு மணிப் பூசை முடிய எட்டரை செல்லும். அதற்குள் எட்டுக் கதவையும் தூக்கிவிடலாம்!

இந்த முறை அவர் வாய்க்குப் பூட்டுப் போட்டார். சனி முழுக்க அலுவலகத்தில் 'ஓம்', 'இல்லை' என்ற இரண்டு சொற்களோடு நாளை ஓட்டினார். வீட்டில் மனைவி வசந்தினியோடுகூட அடுத்த நாள் சமையலைத் தவிர வேறெதையும் கதைக்கவில்லை. நித்திரையில் உளறிவிடுவேனோ என்று பயந்து தனியாகப் படுத்தார்.

ஞாயிறு காலை ஏழே முக்கால். காற்றும் கடலும் இறங்கியிருந்தன. அணைக்குக் கீழே வெறும் மணல். குகதாசனின் கண்கள் கலங்கிவிட்டன. மிஸ்ஸை அழைத்தார். "வாங்கோ மிஸ், ஒரு குருவி இல்லை!"

கைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

பனங்கூடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து முதலில் ஒரு ஓட்டோ வந்தது. பிறகு நாலு ஓட்டோ. பிறகு மோட்டார் சைக்கிள்கள், ஒரு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம், அதன் பெட்டி நிறையச் சனம். எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை உடுப்பில். ஆண்கள் வெள்ளைச் சேட்டும் மினுக்கின சப்பாத்தும். பெண்கள் தலையில் முக்காட்டை இன்னும் எடுக்கவில்லை. ஒரு கையில் செபமாலை, மறு கையில் வாளி.

குகதாசன் கைபிடியின் மேல் சாய்ந்துவிட்டார்.

"லெனாட்… பூசை? பூசை இன்னும் முடியேல்லையேயடா!"

"முடிஞ்சுது அண்ணை. பாதர் பிரசங்கத்தை அஞ்சு நிமிசத்திலை முடிச்சுப்போட்டார்."

"ஏன்?"

லெனாட் மெதுவாகக் கையைக் காட்டினான். அங்கே பாதர், அங்கியை முழங்கால்வரை தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு கல்லின் மேல் நின்று தூண்டில் கயிற்றின் சிக்கை எடுத்துக்கொண்டிருந்தார்.

பின்னால் ஜீப் வந்து நின்றது. மிஸ் இறங்கினார். இரண்டு பொலிஸ்காரர் இறங்கினார்கள். எங்கிருந்தோ சண்முகநாதனும் வந்து சேர்ந்தார். கிணுகிணு என்று ஐஸ்கிறீம் வானும் வந்தது.

மிஸ் கூட்டத்தை ஒரு முனையிலிருந்து மறு முனைவரை பார்த்தார். பிறகு குகதாசனைப் பார்த்தார்.

"இண்டைக்கு எட்டு மணி எண்டு எனக்கும் தெரியாது. அருந்ததிக்கும் தெரியாது. உலகத்திலை ஒரேயொரு ஆளுக்குத்தான் தெரியும்."

"மிஸ்…"

"எவ்வளவு மீன் குடுத்தவை அண்ணை? நாளுக்கு ஒரு கொடுவாவோ, ரெண்டோ?"

ஐஸ்கிறீம்காரன் இசையை நிறுத்தினான். பாதர் அங்கியை இறக்கிவிட்டார். பத்தொன்பது வருடமாக ஒருவரும் கேட்காத கேள்வியை இருநூறு பேருக்கு முன்னால் கேட்டதும், குகதாசனுக்குள் ஏதோ அறுந்தது.

"மீனோ? எனக்கோ?" அவர் கைபிடியை விட்டு முன்னுக்கு வந்தார். "மிஸ், நான் இந்தக் கதவைத் தூக்கிற ஒவ்வொரு நாளும் எத்தினை ஆயிரம் சீவன் துடிக்குது எண்டு எனக்குத்தான் தெரியும். வாளியாலை அள்ளி விட்டு முடியாது. அந்தப் பாவத்துக்குத்தான், கதவு திறக்கிற நாளிலை எங்கடை வீட்டு அடுப்பிலை மீன் மச்சமே ஏறாது. மரக்கறிதான். மனிசிக்கு முன்கூட்டியே சொல்லி வைச்சிடுவன். பத்தொன்பது வரிசம் ஒருநாள் தப்பினதில்லை. அப்பிடிப்பட்ட நான் மீனுக்கு ஆசைப்பட்டு இவைக்குச் சொல்லுவனோ?"

கூட்டத்தில் இரண்டொரு பெண்கள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். சண்முகநாதன் தொண்டையைச் செருமினார். மிஸ்ஸின் முகமும் கொஞ்சம் இளகியது.

"நான் நம்பலாம் அண்ணை. மேலிடம் நம்போணுமே. நீங்கள் சொல்லுறதுக்கு ஆராவது சாட்சி இருக்கினமோ?"

பின்வரிசையில் ஒரு சலசலப்பு. வீடு வீடாக ஸ்கூட்டியில் மீன் கொண்டுபோய் விற்கும் றெஜினா, லெனாட்டின் மனைவி, சனத்தை விலக்கிக்கொண்டு முன்னுக்கு வந்தாள். லெனாட் பாய்ந்துபோய் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"நீ சும்மா இரப்பா! உனக்குக் கும்பிட்டன்!"

"விடுங்கோ கையை! கோவிலிலை இருந்து வந்த கையோடை, ஒரு நல்ல மனிசன் கெட்டுப்போறதைப் பாத்துக்கொண்டு நிக்கவோ?" றெஜினா கையை உதறிவிட்டு மிஸ்ஸுக்கு முன்னால் வந்து நிமிர்ந்து நின்றாள்.

"நான் சாட்சி மிஸ். அவர் சொன்னது முழுக்கச் சத்தியம். அவையின்ரை வீட்டுக்கு மீன் குடுக்கிறது நான்தானே! வெள்ளி, செவ்வாய் இல்லாத நாளுக்கு 'றெஜினா, நாளைக்கு மீன் வேண்டாம், மரக்கறி' எண்டு வசந்தினி அக்கா சொன்னால் போதும், கதவு திறக்கப்போகினம் எண்டு அந்தப் படலையிலை நிண்டபடியே எங்கடை ஆக்கள் எல்லாருக்கும் போன் அடிச்சிடுவன்!"